ஓடாத கப்பலில் ஓர் இரவு

டுபாய் நகரிலே பார்ப்பதற்கு என்ன உண்டு என்று வினவினால், வானளாவிய மாளிகைகளையும், பொன் வணிகர் வீதியையும், பாலைவனத்து மணல்மேடுகளையும் காட்டுவதற்கு எத்தனையோ பேர் முன்வருவர். நாம் காண விரும்பியதோ அங்கே கட்டிவைக்கப்பட்டிருக்கும் ஒரு கப்பல். ரஷீத் துறைமுகம் எனப்படும் பழைய துறைமுகத்திலே, கறுத்த உடலும் வெண்ணிற மேற்றட்டுகளும் சிவந்த புகைபோக்கியுமாக, நீரில் மிதந்தபடியே, ஆயினும் எவ்விடத்துக்கும் புறப்படாது நிற்கின்றது ‘குயின் எலிசபெத் 2’.

எம்முடன் வந்தவர் எமது பெரியம்மா. வயது 81. யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டித் திறப்பை அயல்வீட்டாரிடம் ஒப்படைத்த நாள்முதலாக, ஆறு மாதம் ரொறன்ரோவில் மூத்த மகன் வீட்டிலும், சில மாதம் இலண்டனில் மகள் வீட்டிலும், எஞ்சிய காலம் டுபாயில் இளைய மகன் வீட்டிலுமாக வாழ்ந்து வருபவர். “கப்பலிலே ஓர் இரவு தங்கப் போகிறோம், வருகிறீர்களா?” என்று கேட்டோம்.

“கப்பல் எங்கை போகுது?”

“எங்கும் போகாது, பெரியம்மா.”

“அப்ப வாறன்” என்றார்.

இக்கப்பல் ஸ்கொட்லாந்து தேசத்திலே, கிளைட் நதிக்கரையிலுள்ள கிளைட்பாங் என்னும் ஊரிற் கட்டப்பெற்று, 1967 செப்டெம்பர் 20ஆந் திகதி எலிசபெத் மகாராணியாரால் நீரில் இறக்கப்பட்டது. நீளம் 963 அடி. ஆகாய விமானங்கள் அத்திலாந்திக் பிரயாணிகளைத் தம்பால் இழுத்துக்கொண்ட காலத்திலே பிறந்த கப்பலாதலால், வெயிற்காலத்திற் சவுத்தாம்ப்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே ஓடவும், மாரியில் உலகைச் சுற்றிவரவும் ஏற்றதாக இதனை அமைத்தனர். 1982இல் போக்லந்துத் தீவுகளிலே யுத்தம் மூண்டபோது ஏறத்தாழ 3,000 போர்வீரரைச் சுமந்து தென் அத்திலாந்திக் சென்றது. பின்னர் 1986-87இல் நீராவி இயந்திரங்களைக் கழற்றிவிட்டு ஒன்பது டீசல் இயந்திரங்களைப் பொருத்தினர். இப்பொழுது அது ஒரு ஹோட்டல்.

கப்பலை அணுகும்போது ஒரு குறை கண்ணுக்குப் புலப்பட்டது. பக்கங்களிலே வரிசையாகத் தொங்கவேண்டிய உயிர்காப்புப் படகுகளைக் காணோம், கழற்றிவிட்டனர். ஓடாத கப்பலுக்கு அவை எதற்கு? உள்ளே சென்றால் அறைகளுக்குச் செல்லும் நடைவழி கண்ணெட்டுந் தூரம் நீண்டு கிடந்தது. அதன் தரை சமதளமன்று. கப்பலின் வளைவுக்கிசைய நடுவிலே தாழ்ந்து இரு முனைகளிலும் மெல்ல உயர்கின்றது. பெரியம்மா எமது கையைப் பற்றிக்கொண்டு, “ஏறுற மாதிரியும் கிடக்கு, இறங்கிற மாதிரியும் கிடக்கு” என்று நடந்துவந்தார். அறையை அடைந்ததும் அவர் செய்த முதல் வேலை, வட்டச் சாளரத்தின் கீழிருந்த மேசையைத் துடைத்து, கைப்பையிலிருந்த பிள்ளையார் படத்தையும் திருநீற்றுச் சிமிழையும் எடுத்து வைத்ததே. ஐந்து நிமிடத்தில் அது அவருடைய அறையாகிவிட்டது. பல வீடுகளிற் பழகிய கை.

நாம் இக்கப்பலைத் தேடிவந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. அமெரிக்க நாட்டு மூதாட்டி ஒருவர், கணவரை இழந்தபின், 2000ஆம் ஆண்டு தொடக்கம் இக்கப்பல் ஓய்வுபெறும் காலம் வரையில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளாக இதனையே தமது இல்லமாகக் கொண்டு வாழ்ந்தார். கணவர் உயிர்நீத்ததும் இதே கப்பலிலேதான். மாதமொன்றுக்கு 3,500 பவுண் வரையிற் செலுத்தினார் என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. ஈதென்ன ஊதாரித்தனம் என்று வாசகர் எண்ணக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணினோம். ஆனால் 2004ஆம் ஆண்டில், சிக்காகோ நகரத்து நோர்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையைச் சேர்ந்த வைத்தியர் இருவர் இதனைக் கணக்கிட்டு, முதியோர் மருத்துவ ஏடொன்றிலே கட்டுரை வரைந்தனர். இருபது ஆண்டுகளுக்கு ஒரு முதியவரைப் பராமரிப்பு இல்லத்தில் வைத்திருக்க ஏறத்தாழ 2 இலட்சத்து 28 ஆயிரம் டொலர் செல்லும். உல்லாசக் கப்பலில் வைத்திருக்கவோ 2 இலட்சத்து 30 ஆயிரம் டொலர். வித்தியாசம் இவ்வளவே. கப்பலிலும் வைத்தியர் உண்டு. அறையைத் துப்புரவு செய்வோர் உண்டு. மூன்று வேளையும் உணவு உண்டு.

இதனைப் பெரியம்மாவுக்கு எடுத்துரைத்தோம். “நேரத்துக்குச் சாப்பாடு, உடுப்புத் தோய்ச்சுத் தருவினம், நாங்கள் ஒண்டும் செய்யக்கூடாது. மகள் வீட்டிலையும் அப்பிடித்தான்” என்றார். புகழ்ந்தாரா குறைகூறினாரா என்பது அவருடைய முகத்திற் தெரியவில்லை.

கப்பல்வாசியின் நாள் எவ்வாறு கழியும்? இக்கப்பலிலே நூல்நிலையம் ஒன்று இருந்தது; அதற்கெனத் தனி நூலகரும் இருந்தார். நாடகக் கொட்டகை, ஆஸ்பத்திரி, யூதர்களுக்குரிய வணக்க அறை, பிரயாணிகளோடு வரும் நாய்களுக்கான கூடு முதலியனவும் இருந்தன. இரவிலே ‘குவீன்ஸ் ரூம்’ எனப்பட்ட பெரிய மண்டபத்தில் நடனம் நிகழும். தனித்து வந்த பெண்மணிகள் ஆடத் துணையின்றி இருந்துவிடலாகாது என்பதற்காக, கண்ணியமான கனவான்கள் சிலரைக் கப்பற் கம்பனியாரே அமர்த்தியிருந்தனர். மேற்குநோக்கி அத்திலாந்திக்கைக் கடக்கையில் இரவுதோறும் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் பின்னே தள்ளிவைப்பர். ஆகவே ஐந்து நாட்களுக்கு நாளொன்றுக்கு 25 மணி. திரும்பி வரும்போது அந்த மணிகளையெல்லாம் ஒன்றொன்றாக மீள ஒப்படைக்க வேண்டும். கரையிலுள்ள நாம் பொழுது போதவில்லை என்று முறையிடுகிறோம். அவர்களுக்குப் பொழுதே கடலினால் அளந்து கொடுக்கப்படுவது.

இவ்வாழ்விலே உள்ள இடர்களைச் சொல்லாது விடுதல் முறையன்று. ஓர் அறையும் ஓர் அலுமாரியுமே உலகம். புதிய சேலை ஒன்று வாங்கினால் பழையது ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். புத்தகம் சேர்ப்பவர் கப்பல்வாழ்வை எண்ணியும் பாராதிருத்தல் நலம். அவ்வகையில் நாம் முற்றிலும் தகுதியற்றவர். கப்பல் பழுதுபார்க்கும் துறைக்குச் செல்லுங் காலங்களிலே, குடியிருப்பவராயினும் பெட்டியுடன் இறங்கிவிட வேண்டியதே. நட்பின் காரியம் இன்னும் கடினம். இன்று மேசையில் எதிரே அமர்ந்து உண்டவர் அடுத்த துறையில் இறங்கிப் போவார். அவரிடத்தில் வேறொருவர் வந்தமர்ந்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று தொடக்கத்திலிருந்து கேட்பார். ஊழியர்களும் ஒப்பந்தம் முடியப் போய்விடுவர். கரையிலே வாழ்பவர் ஊரைப் பிரிந்து போகின்றனர். கப்பலில் வாழ்பவரையோ ஊர்தான் பிரிந்து பிரிந்து போகின்றது.

இரவு உணவின்போது பெரியம்மா ஒரு வினாவை எழுப்பினார். “கப்பலை விக்கேக்கை அந்த அம்மாவை ஒருத்தரும் கேக்கேல்லையோ?”

கேட்கவில்லைத்தான். 2007 ஜூன் 18ஆந் திகதி, இக்கப்பலை 10 கோடி டொலருக்கு டுபாய் அரசின் கம்பனி ஒன்று வாங்கிவிட்டதாக அறிவித்தனர். ஒன்பது ஆண்டு வாழ்ந்தாலும் அவர் சீட்டுப் பெற்ற பிரயாணியே. காணியோ உறுதியோ அவரிடம் இல்லை.

உறுதியோடு கப்பலில் வாழ்பவர்களும் உளர் என்பதைப் பெரியம்மாவுக்கு விளக்கினோம். ‘த வேர்ல்ட்’ என்னும் கப்பல் 2002ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. அதிலே 165 வீடுகள். அவற்றில் வாழ்பவரே கப்பலுக்குப் பங்காளிகள்; எந்தக் கடலுக்குப் போவது என்பதையும் அவர்களே வாக்கெடுத்துத் தீர்மானிக்கின்றனர். அவ்வளவு உரிமை இருந்தும், 2020 மார்ச்சிலே கொரோனாத் தொற்றுப் பரவியபோது குடியிருப்போர் அனைவரும் தத்தம் வீடுகளைப் பூட்டிவிட்டுக் கரைசேர நேர்ந்தது. ஆயினும் பூட்டிய வீடு அவர்களுடையதாகவே இருந்தது. பெருஞ் செல்வர்களுக்கே இயலும் காரியம் இது.

நடுத்தர வருமானத்தினரை எண்ணி எழுந்த முயற்சியின் கதை வேறு. 1993இற் கட்டிய பழைய கப்பலொன்றை வாங்கி, ‘வில்லா வீ ஒடிசி’ என்று பெயர்மாற்றி, அறைகளை நீண்டகால உரிமையாக விற்றனர். 2024 மே இறுதியில் அயர்லாந்தின் வடபுறத்துப் பெல்பாஸ்ட் நகரிலிருந்து அது புறப்படவேண்டும். வீட்டை விற்றவர்களும், தளபாடங்களைக் கொடுத்துத் தீர்த்தவர்களும் வந்து கூடினர். கப்பலோ பழுதுபார்த்து முடியவில்லை. ‘டைட்டானிக்’ கட்டப்பட்ட அதே கப்பற்றளத்திலே நான்கு மாதம் கிடந்தது. பகலிலே ஏறி உண்டு உலாவலாம், இரவிலே தங்கலாகாது என்று சில காலம் விதி இருந்தது. கையிலே அறைக்குரிய உரிமையும் கண்ணெதிரே கப்பலும் இருக்க, மாலையானதும் இறங்கி ஹோட்டலுக்கு நடந்தவர்களை நினைத்துப் பாருங்கள்! ஒக்ரோபர் முதல் வாரத்திற்றான் கப்பல் அவர்களோடு அவ்வூர்க் குடாவை விட்டு நீங்கியது.

“ஊரிலை வீட்டை வித்துப்போட்டே வந்தவை?” என்று பெரியம்மா கேட்டார்.

“சிலர் விற்றுவிட்டுத்தான் வந்தனர்.”

அவர் மேலே ஒன்றும் கூறவில்லை. எமக்குக் காரணம் தெரியும். யாழ்ப்பாணத்து வீட்டை விற்றுவிடலாம் என்று மூத்த மகன் சென்ற ஆண்டே அற்றோணித் தத்துவப் பத்திரத்தை எழுதுவித்து அனுப்பியிருக்கிறான். வீடு பாழடைகிறது, கறையான் பிடிக்கிறது, இனி அங்கே யார் போய் இருக்கப் போகிறார்கள் என்பது அவன் வாதம். வாதத்திலே பிழையுமில்லை. பத்திரம் கையெழுத்து வைக்கப்படாமலே பெரியம்மாவின் பெட்டியின் அடியிற் கிடந்து, நகரத்துக்கு நகரம் பிரயாணஞ் செய்துகொண்டிருக்கின்றது.

இக்கப்பல் சவுத்தாம்ப்டனை இறுதியாக விட்டது 2008 நவம்பர் 11ஆந் திகதி. அன்று விடியற்காலையிலே துறைக்கு வரும்வழியில் மணற்றிட்டொன்றிலே தட்டிநின்று, இழுவைப் படகுகள் இழுக்க மிதந்தது. போக மனமின்றித் தரையைப் பற்றிக்கொண்டது என்று கூறத் தோன்றும். கப்பலுக்கு மனம் ஏது? போரில் இறந்தோரை நினைவுகூரும் நாளாதலால், சிறு விமானமொன்று பத்து இலட்சம் பொப்பி மலர்களை அதன்மீது தூவிற்று. மாலையில் வாணவேடிக்கையோடு வழியனுப்பினர். நவம்பர் 26ஆந் திகதி டுபாயை அடைந்தது. உடனே ஹோட்டலாக்குவோம் என்றனர். அதற்குள் உலகப் பொருளாதார நெருக்கடி வந்து எல்லாவற்றையும் கவிழ்த்தது. பத்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக இதே துறைமுகத்திலே விளக்கணைந்து கிடந்து, 2018 ஏப்பிரல் 18ஆந் திகதிதான் விருந்தினருக்குக் கதவைத் திறந்தது. அப்பொழுது அந்த மூதாட்டியின் அறையிலே யார் தங்கினாரோ!

படுக்கைக்குச் சென்றபின் எமக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. இயந்திரத்தின் அதிர்வுமில்லை, அலையின் அசைவுமில்லை. குளிர்சாதனத்தின் மெல்லிய இரைச்சல் மாத்திரம் கேட்டது. பெரியம்மாவும் விழித்தே கிடந்தார். நள்ளிரவுக்குப் பின் எழுந்து, வட்டச் சாளரத்தருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். வெளியே கறுத்த நீரும், அதில் நீண்டு நெளியும் துறைமுக விளக்குகளுமே தெரிந்தன.

“தம்பி, நித்திரையே?”

“இல்லைப் பெரியம்மா.”

“அந்த மனுசி கப்பலாலை இறங்கேக்கை அழுதிருக்கும்.”

நாம் மறுமொழி கூறவில்லை.

விடிந்ததும் பிள்ளையார் படமும் திருநீற்றுச் சிமிழும் மீண்டும் கைப்பையினுட் சென்றன. அறையிலே எதுவும் விடுபடவில்லை என்பது நன்கு தெரிந்திருந்தும், பெரியம்மா மேசையின் இழுப்பறையை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். குளியலறைக் கதவைத் திறந்து மூடினார். எந்த வீட்டிலிருந்து புறப்படும்போதும் அவர் செய்யும் வழக்கம் இது. நடைவழியில் முதல்நாள் ஏறிய இடத்தில் இப்பொழுது இறங்கினோம். துறைமேடைக்குச் செல்லும் பாலத்தில் ஒருகணம் நின்று, கப்பலின் கறுத்த இரும்பைக் கையாற் தொட்டுப் பார்த்தார். வெயில் ஏறியிருந்தமையால் சட்டெனக் கையை எடுத்துக்கொண்டார்.

மகனுடைய வீட்டுக்குத் திரும்பும் வழியில், மோட்டார் வண்டியிலே, எமது கைத்தொலைபேசியைக் கேட்டார். யாழ்ப்பாணத்து அயல்வீட்டுக்கு எடுத்துத் தரும்படி கூறினார். மறுமுனையில் யாரோ எடுத்ததும் நலம் விசாரித்தார், மழை பெய்ததோ என்று கேட்டார், பின்னர் குரலை உயர்த்திக் கூறினார்: “பிள்ளை, திறப்பு உன்னட்டைத்தானே கிடக்கு? இண்டைக்கு ஒருக்கா வீட்டைத் திறந்து, யன்னல் எல்லாம் திறந்து விடு. கிணத்தடியிலை நிக்கிற தேசிக்கும் கொஞ்சம் தண்ணி விடு, மோனை.”