பனியில் ஒரு பி.காம்.!

'தேன் நிலவு' படத்தை முதன்முதலாக டி.வி.யில் பார்த்தபோது நான் ஆறாம் வகுப்பு. 1961-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனாலும் அதில் காஷ்மீரைப் பார்த்த நாளிலிருந்து, 'ஒருநாள் அங்கே போய்ப் பனியில் கால் வைக்கணும்' என்று மனசுக்குள் ஒரு வேண்டுதல். கல்யாணமாகி, பத்திரிகைகளில் எழுதிக் கிடைத்த சன்மானத்தையெல்லாம் மாசாமாசம் ஆர்.டி.யில் போட்டேன். மூணு வருஷம் கழித்து, முதிர்ந்த பணத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

"ரெண்டு வளையல் எடுக்கலாமே!" என்றார் மாமியார்.

"ஸ்கூட்டரை மாத்தலாமே!" என்றார் வீட்டுக்காரர்.

"பனிச்சறுக்கு!" என்றேன் நான்.

அரை நிமிஷம் வீட்டில் மிக்ஸி சத்தம் மட்டும்தான் கேட்டது.

நான் பி.காம். பட்ஜெட் போடுவதில் புலி. கோடு போட்ட நோட்டில் வரவு, செலவு, இதர செலவு என்று மூணு பக்கத்துக்கு எழுதினேன். அப்படிப்பட்ட பட்ஜெட்டில் நான் விட்ட ரெண்டு ஓட்டையால், போகும்போது ரெண்டு கால்களில் நடந்துபோன வீட்டுக்காரர், திரும்பும்போது சக்கர நாற்காலியில் வந்தார். முதல் தடவை பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர். நாங்கள் போனது குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். உயரம் சுமார் 2,650 மீட்டர். நம்ம ஊட்டி தொட்டபெட்டா சிகரம் 2,637. ஆக, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான்! பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஊட்டிக்கு உறைபனியோடு சரி. வடக்கே இருக்கிற குல்மார்க்கில் ஆள் உயரத்துக்குக் கொட்டுகிறது. கோடையில் கோல்ஃப் விளையாடுகிற புல்வெளிதான், குளிர்காலத்தில் கத்துக்குட்டிகள் விழுந்து எழுகிற மைதானம்.

உத்தராகண்டில் இருக்கிற அவுலியும் ஆரம்பக்காரர்களுக்கு நல்ல இடம். அங்கே மாநில அரசின் கர்வால் சுற்றுலாக் கழகம் 7 நாள், 14 நாள் வகுப்புகள் நடத்துகிறது. ஆனால் ஜோஷிமட் ஊரே விரிசல் விட்டபோது, 2023 ஜனவரியில் அங்கிருந்து அவுலிக்குப் போகும் ரோப் காரை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பாமல், ரோடு வழியாகப் போவதாகவே திட்டம் போடுங்கள்.

அடுத்தது தேதி. காஷ்மீரில் டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாளைக்கு 'சில்லாய் கலான்' என்பார்கள். நம்ம கத்திரி வெயில் மாதிரி, அது அவர்களுடைய கடுங்குளிர். அந்தக் கணக்கை நம்பி நான் 2024 ஜனவரிக்கு டிக்கெட் போட்டேன். அந்த வருஷம் பார்த்து ஜனவரியில் பெரும்பாலான நாள் குல்மார்க்கில் வெறும் காய்ந்த புல்! டி.வி. நியூஸில் காட்டினார்கள், எனக்கு வயிற்றைக் கலக்கியது. தண்டம் கட்டித் தேதியை மாற்றினேன். ஜனவரி முடிகிற சமயத்தில்தான் பனி கொட்டியது. 2025-லும் பிப்ரவரியில் பனி போதாமல், அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளை மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். ஆகவே பிப்ரவரியைக் குறி வையுங்கள். தேதி மாற்ற வசதியுள்ள டிக்கெட்டாக எடுங்கள். பனி கொட்டினால் விமானம் ரத்தாகும், அதனால் கடைசியில் ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள்.

விமானம் கட்டுப்படியாகாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2025 ஜூனிலிருந்து கத்ரா-ஸ்ரீநகர் ரயில் ஓடுகிறது. கத்ரா வரைக்கும் சென்னையிலிருந்தே ரயில் இருக்கிறது. அதே 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த கொடுமையையும் மறப்பதற்கில்லை. பணம் கட்டும் முன் அரசாங்கம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். இன்னொன்று: வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. வீட்டில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். எங்கள் ரெண்டு போனும் ஸ்ரீநகரில் இறங்கியதும் மௌன விரதம்!

ஸ்ரீநகரிலிருந்து எடுத்த டாக்ஸி, பனிக்காலத்தில் தங்மார்க் வரைதான் நிச்சயம். மிச்சம் 13 கிலோமீட்டருக்குச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாறவேண்டி வரலாம். அதற்குத் தனிக் காசு. என் நோட்டில் 'இதர செலவு' காலியானது இந்த இடத்தில்தான்.

துணிமணி விஷயத்துக்கு வருகிறேன். என் முதல் ஓட்டை இங்கே. தி.நகரில் ஏறி இறங்கி, ரெண்டு பெரிய ஜாக்கெட் வாங்கினேன். விலையைச் சொன்னால் மாமியார் இதைப் படித்துவிடுவார். குல்மார்க்கில் பார்த்தால் ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ், ஸ்கீ, கைத்தடி எல்லாமே வாடகைக்குக் கிடைக்கிறது! சொந்தமாக வேண்டியவை நாலே நாலுதான்: உடம்போடு ஒட்டுகிற தெர்மல், நனையாத கையுறை, கண்ணாடி, முழங்கால் வரை வருகிற ஒரே ஒரு ஜோடி சாக்ஸ். ரெண்டு ஜோடி போட்டால் பூட்ஸுக்குள் மடிந்து கொப்புளம்தான் மிச்சம். பருத்தி பனியனும் ஜீன்ஸும் கூடவே கூடாது. வியர்வையையும் பனியையும் குடித்துவிட்டு, ஈரத் துணி மாதிரி உடம்போடு ஒட்டும். வெயில் பனியில் பட்டுத் திருப்பி அடிக்கும். சன் ஸ்கிரீன் தடவாவிட்டால் ஊட்டியிலிருந்து கொண்டுவந்த கேரட் மாதிரி ஆகிவிடும் முகம்.

அந்த ஜாக்கெட்டுகளை வாங்கியதால் எதைக் குறைத்தேன் தெரியுமா? வாத்தியாரை! 'ரெண்டு நாள் சொல்லிக் கொடுத்தால் போதாதா? சைக்கிள் கத்துக்கலையா?' என்று ஆறு நாள் பயணத்தில் ரெண்டே நாளுக்குத்தான் வாத்தியார் செலவு எழுதினேன்.

எங்க வாத்தியார் உள்ளூர்க்காரர். என் ஹிந்தி, பிரசார சபாவில் 'மத்யமா' வரைக்கும் போனது. அதை வைத்துக்கொண்டு சமாளித்தேன். முதல் நாள் முழுக்கச் சறுக்கவே விடவில்லை அவர். விழக் கற்றுக் கொடுத்தார்! பக்கவாட்டில் விழணும், பின்னால் உட்காரக்கூடாது. எழுந்திருக்கும்போது ஸ்கீ சரிவுக்குக் குறுக்கே இருக்கணும். பிறகுதான் பிரேக். ரெண்டு ஸ்கீயின் முன்நுனிகளையும் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒரு வடிவம் வரும். அப்படியே உள் ஓரத்தை அழுத்தினால் நிற்கும். சொல்வது சுலபம். வேகம் பிடித்ததும் பயத்தில் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால் ஸ்கீ நம்ம பேச்சைக் கேட்காது. முட்டியை மடக்கி முன்னால் சாயணும். மலை உச்சியிலிருந்து பள்ளத்தைப் பார்த்து முன்னால் சாய்வதற்கு மனசு வேண்டும்.

தொடை வலி இருக்கிறதே! அதற்கு ஒரு வைத்தியம்: புறப்படுவதற்கு ரெண்டு மாசம் முன்பிருந்தே தினமும் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுங்கள். புண்ணியமும் ஆச்சு, தொடைக்குப் பலமும் ஆச்சு.

மூணாம் நாள் வாத்தியார் இல்லை. எனக்கு அசதி, அறையிலேயே இருந்தேன். வீட்டுக்காரர் மட்டும் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு கோண்டோலாவில் ஏறிவிட்டார். குல்மார்க் கோண்டோலாவில் ரெண்டு கட்டம். முதல் கட்டம் கொங்தூரி, சுமார் 3,080 மீட்டர். ரெண்டாவது அபர்வாத் மலையில் சுமார் 3,950 மீட்டர். நல்லவேளை, இவர் முதல் கட்டத்தோடு நிறுத்தினார். ரெண்டாவது கட்டத்துக்கு மேலே இருப்பது நிபுணர்களுக்கே ஆபத்தான மலை. 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் ரெண்டு போலந்துக்காரர்கள் இறந்தார்கள். நாங்கள் ஊர் திரும்பிய சில நாளில் ஒரு ரஷ்யரும்.

கொங்தூரியிலிருந்து இறங்கும்போது இவருக்கு வேகம் பிடித்துவிட்டது. கூரை வரவில்லை. பின்னால் சாய்ந்தார், திரும்பி விழுந்தார். பூட்ஸையும் ஸ்கீயையும் இணைக்கிற 'பைண்டிங்' என்ற கொக்கி, விழுகிற நேரத்தில் தானாகக் கழன்று காலை விட்டுவிடணும். அதற்கு ஆளின் எடை, உயரம், வயசு, பூட்ஸ் அளவு, பழக்கம் எல்லாம் கேட்டு ஒரு நம்பரில் திருகி வைக்கணும். வாடகைக் கடையில் இவரிடம் கேட்டது ஷூ சைஸ் மட்டும்தான். நாங்களும் கேட்கவில்லை. கொக்கி விட்டுக்கொடுக்கவில்லை, முட்டி விட்டுக்கொடுத்தது.

மீட்புக் குழுவினர் சறுக்கு வண்டியில் படுக்கவைத்துக் கட்டி, கீழே கொண்டுவந்தார்கள். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஜவ்வு கிழிந்திருக்கலாம். ஊருக்குப் போய் ஸ்கேன் எடுங்கள். ஆபரேஷனா இல்லையா என்பது அப்புறம்தான்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி ரெண்டு பேரும் தூங்கவில்லை. இவருக்கு நின்றுகொண்டு பார்க்கிற வேலை. மூணு மாசம் நிற்க முடியாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஹோட்டல்காரர் கொடுத்த காங்கிடியை, பிரம்புக் கூடைக்குள் தணல் போட்ட அந்தச் சட்டியை, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, யார் உங்களை மேல போகச் சொன்னது?" என்று கடைசியில் வெடித்தேன்.

"மூணு வருஷம் வாயைக் கட்டி, வயித்தைக் கட்டிச் சேர்த்தே. வாத்தியாருக்கும் ரெண்டு நாள்தான் காசு. அதுக்குள்ள ஒழுங்கா ஒரு தடவையாவது இறங்கிக் காட்டலைன்னா, உன் பணம் வீணாப் போன மாதிரி இருக்குமேன்னு பார்த்தேன்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் பட்ஜெட்தான் அவரை மேலே ஏற்றியிருக்கிறது!

ரெண்டாவது ஓட்டையும் அன்றைக்கே தெரிந்தது. டிக்கெட்டோடு எடுத்த இன்ஷூரன்ஸின் பொடி எழுத்தில், 'சாகச விளையாட்டுகள் நீங்கலாக' என்று ஒரு வரி. கம்பெனிக்காரன் ஏமாற்றவில்லை; பி.காம். படித்தவள் படிக்காமல் விட்டாள். பனிச்சறுக்கு என்று பெயர் சொல்லிச் சேர்த்த பாலிசியாகக் கேட்டு வாங்குங்கள். மற்ற எதில் வேண்டுமானாலும் கஞ்சத்தனம் பண்ணுங்கள்.

மறுநாள் காலையில் இவர், "நீ போ. மூணு நாளைக்குக் கத்துக்கோ. ரெண்டு பேரும் உக்காந்து என்ன பண்ணப் போறோம்?" என்று வாத்தியாருக்கு அவரே சொல்லி அனுப்பினார். ரெண்டு ஜாக்கெட்டில் ஒன்றை ஹோட்டலில் தங்கியிருந்த ஒருவருக்குப் பாதி விலைக்கு விற்றேன். அது வாத்தியார் சம்பளம் ஆயிற்று!

கடைசி நாள். கத்துக்குட்டி மேட்டின் உச்சியிலிருந்து நான் இறங்குவதைப் பார்க்க, இவரை நாற்காலியோடு கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். முட்டியை மடக்கினேன். முன்னால் சாய்ந்தேன். இடது பக்கம் ஒரு திருப்பம், வலது பக்கம் ஒரு திருப்பம். கூரை போட்டேன். இவருக்கு மூணடி தூரத்தில் நின்றுவிட்டேன்! மொத்த தூரம் ஒரு கல்யாண மண்டபத்தின் நீளம்கூட இருக்காது. இவர் கைதட்டிய வேகத்தில் காங்கிடி கவிழ்ந்திருக்கும்.

சென்னையில் ஸ்கேன் எடுத்தோம். ஜவ்வு பாதிதான் கிழிந்திருந்தது, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். ஆறு வாரம் பெல்ட், அப்புறம் பிசியோதெரபி, சம்பளமில்லாத லீவு. இப்போது மாடிப்படி ஏறுகிறார். ஸ்கூட்டர் இன்னும் அதே ஸ்கூட்டர்தான்.

போன வாரம் ராத்திரி, என் கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "புது ஆர்.டி. ஆரம்பிச்சுட்டியா?"

தலையாட்டினேன்.

பேனாவை வாங்கி முதல் வரியில் அவரே எழுதினார்: 'வாத்தியார் - ஆறு நாள்.' ரெண்டாவது வரியில் 'இன்ஷூரன்ஸ் - பொடி எழுத்து உள்பட.'

மாமியார் எட்டிப் பார்த்து, "வளையல் எந்த வரியில வருது?" என்றார்.

இதர செலவில் எழுதியிருக்கிறேன்!