கீரையும் நெட்டிலிங்கமும்

குடும்பத்தைத் தாங்கும் பெரியவரைப் போற்ற வேண்டுமானால் ஆலமரமென்கிறோம். மிகச் சிறிய வாணிபத்தைச் சுட்ட வேண்டுமானால், 'கீரைக் கடைக்கும் எதிர்க்கடை வேண்டும்' என்னும் பழமொழியை எடுத்தாளுகிறோம். மரம் உயர்ந்தது, கீரை தாழ்ந்தது என்னும் எண்ணம் இவ்வாறு நம் பேச்சிலேயே ஊறிக் கிடக்கின்றது. ஆயினும் உயரத்தை மட்டுங் கொண்டு ஒரு பொருளின் பெருமையை அளந்துவிடலாகுமா? தோட்டத்துக் கிராணியாகக் காலங் கழிக்கும் எனக்கு இக்கேள்வி ஏட்டைப் படித்து எழுந்ததன்று. எங்கள் லயத்து வாசலிலேயே எழுந்தது.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லுவேன். செம்பனைத் தோட்டங்களின் அலுவலக வாசலிலும், துரைமார் பங்களாவுக்குச் செல்லும் பாதையிலும், பட்டணத்துப் பள்ளிக்கூட மதிலோரத்திலும், ஈட்டிகளை நட்டு வைத்தாற்போல வரிசையாக நிற்கும் பசுமரங்களை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். கிளைகளைத் தாழவிட்டு, அடிமரத்தோடு ஒட்டிக்கொண்டு, ஆண்டு முழுவதும் பசுமை மாறாது நிற்கும் அம்மரத்தின் பெயர் நெட்டிலிங்கம். பலர் அதனை அசோகமென்று அழைக்கின்றனர், அது பொருந்தாது. அசோகு செம்மஞ்சள் நிறத்திற் கொத்துக் கொத்தாகப் பூப்பது. நெட்டிலிங்கமோ இளம்பச்சைப் பூக்களை இலைகளுக்கிடையே சின்னாள் காட்டி மறைத்துவிடுவது. சீத்தாப்பழ மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். நேராக வளரும் அதன் அடிமரம் முன்னாளிற் கப்பல்களுக்குப் பாய்மரமாகப் பயன்பட்டது. நம் முன்னோரைப் போலவே அதுவும் கடல் கடந்து வந்த குடியாகும்.

அதன் தளிர் செம்பு நிறமாய் மின்னும். இலையின் விளிம்பு அலையலையாய் நெளியும். விழாக் காலங்களில் அவ்விலைகளைக் கொண்டு அலங்காரஞ் செய்வதுண்டு. அதன் கனியை வௌவாலும் பறவையும் உண்ணும். ஆகவே அதனைப் பயனற்ற மரமென்று பழிப்பது நேர்மையன்று. ஆனால் நம் சட்டியில் இட்டுச் சமைக்க அது ஒன்றுந் தருவதில்லை. ஒடுங்கி வளரும் வகையாதலின், களைத்து வந்தவன் ஒதுங்கி நிற்க நிழலும் மிகுதியாகத் தருவதில்லை.

இனிக் கீரையைப் பாருங்கள். நான் குறிப்பது முளைக்கீரையும் தண்டுக்கீரையும் அடங்கிய இனத்தை. மலாய்க்காரர் அதனைப் பாயம் என்பர். அதன் விதை கடுகினுஞ் சிறிது. மணலோடு கலந்து தூவினால்தான் பாத்தியிற் சீராக விழும். சில நாட்களில் முளைத்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுப்புக்கு வந்துவிடும். கடும் வெயிலுக்கும் அது எளிதில் தளர்வதில்லை. கரும்பையும் மக்காச்சோளத்தையும் போல, மிகுந்த வெப்பத்திலும் வெளிச்சத்தை நன்கு பயன்படுத்தி, நீரையுஞ் சிக்கனமாகச் செலவிட்டு வளரும் உள்ளமைப்பு அதற்கு உண்டென்று தாவர நூலார் கண்டிருக்கின்றனர். ஆயினும் இளம் பாத்திக்கு நாள்தோறும் நீர் வார்க்க வேண்டும். களை பிடுங்க வேண்டும். இலையைத் திருப்பிப் புழு பார்க்க வேண்டும். நெட்டிலிங்கம் வேரூன்றிய பின் மனிதனை மறந்து வாழும். கீரையோ மனிதனுடைய கையை ஒரு நாளும் விட்டுப் பிரியாது.

நிற்க. எங்கள் தோட்டத்தில் லயத்துக்கும் பெரிய பாதைக்கும் இடையே பதினைந்தடி அகலமுள்ள நிலமொன்று நீளவாக்கிற் கிடக்கின்றது. அதிற் பெண்கள் நெடுங்காலமாகக் கீரைப் பாத்தி போட்டு வந்தனர். சென்ற ஆண்டு நிர்வாகத்தார், பார்வையிட வருவோர் கண்ணுக்குத் தோட்டம் அழகாகத் தோன்ற வேண்டுமென்று கருதி, அந்நிலத்தைத் துப்புரவாக்கி நெட்டிலிங்கம் நடத் தீர்மானித்தனர். அவ்வுத்தரவை ஆங்கிலத்தில் எழுதியவனும் நான். லயத்துக்குச் சென்று தமிழிற் படித்துச் சொன்னவனும் நான். ஆங்கில வழியிற் பயின்றவனாதலால், இரு பக்கத்தாருக்கும் நாவாக இருப்பதே என் உத்தியோகம். நான் படித்து முடித்ததும் மூதாட்டி ஒருவர் எழுந்தார். இளமையிற் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனை உதிரிப்பழம் பொறுக்கி, உழைத்து ஓய்ந்தவர் அவர். சினங்கொள்ளாமலே அவர் சொன்னார்: "கிராணி ஐயா, அந்த மரம் வந்து போகிறவர்கள் பார்க்க, இந்தக் கீரை இங்கேயே இருக்கிறவர்கள் தின்ன. யாருக்கு என்ன வேண்டுமென்று நீங்கள்தாம் துரைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்."

அவர் சொல்லின் பொருளை எண்ணிப் பாருங்கள். 2019 ஆம் ஆண்டு மலேசியாவில் நடைபெற்ற தேசியச் சுகாதார ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 10 பேருக்கு 3 பேர் இரத்தசோகை உடையவர்கள். கீரையில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள. கண்ணுக்கு நலந்தரும் ஏ உயிர்ச்சத்தாக உடலில் மாறும் பொருளும் உண்டு. கீரை ஒன்றே நோயைத் தீர்த்துவிடுமென்று நான் சொல்லேன். அதிலுள்ள இரும்பு, இறைச்சியில் உள்ளதைப்போல் எளிதில் உடலிற் சேர்வதன்று. இரத்தசோகை கண்டவர் மருத்துவரை நாடுதல் வேண்டும். ஆயினும் எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்துக்கொண்டால் அவ்விரும்பு நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் குடித்தால் அது தடைப்படும். சோறுண்ட கையோடு தேநீர்க் குவளையைத் தேடும் நம் வழக்கத்தை ஒரு மணி நேரந் தள்ளி வைத்தாற் போதும். காசு செலவின்றி ஒரு நன்மை கிட்டும்.

கீரைப் பாத்தியின் பயன் உணவோடு முடிவதன்று. மிஞ்சியதைக் கட்டுக் கட்டி விற்றுக் கிடைக்குங் காசு பெண்ணின் சொந்தக் காசு. கணவன் கையை எதிர்பாராமல் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க அது உதவுகிறது. தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடச் சிறு நிலம் ஒதுக்க வேண்டுமென்னும் ஏற்பாடு 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலேயே இடம்பெற்றதாகும். 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகிவிட்ட நாட்களில், மரவள்ளிக் கிழங்கையுங் கீரையையும் உண்டே பலர் உயிர் தாங்கினர். அக்காலத்தில் எந்த அலங்கார மரமும் ஒரு குழந்தையின் பசியை ஆற்றியிராது.

ஆகவே நிர்வாகத்தாருக்கு ஒரு விண்ணப்பம் வரைந்தேன். பதினான்கு பெண்கள் கையொப்பமிட்டனர். மரம் வேண்டாவென்று அதில் எழுதவில்லை. நெட்டிலிங்கத்தின் இயல்பையே எங்களுக்குச் சான்றாகக் காட்டினோம். மலேசியா நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், நண்பகல் வெயில் ஏறக்குறையத் தலைக்கு நேராகவே விழுகின்றது. ஒடுங்கிய மரம் அப்பொழுது தன் காலடியிலன்றி வேறெங்கும் நிழல் பரப்பாது. பாதையோரமாக ஒரே வரிசையில் இடைவெளி விட்டு மரங்களை நட்டால், லயத்துப் பக்கம் பாத்திகளுக்கு வேண்டிய வெயில் கிடைக்கும். வருவோர் கண்ணுக்கு அழகும், இருப்போர் வயிற்றுக்கு உணவும் ஒருங்கே அமையும் என்று விளக்கினோம். மரத்தின் இயல்பை நூல்களாற் கற்றிருந்தேன். பாத்திக்கு எத்தனை அடி வேண்டும், எத்தனை நாழிகை வெயில் வேண்டும் என்பவற்றை அப்பெண்களே எனக்குக் கற்பித்தனர்.

கேட்டது முழுவதுங் கிடைத்துவிடவில்லை. அலுவலகத்தை அடுத்த பகுதி மரங்களுக்கே போயிற்று. எஞ்சிய பகுதியில் மட்டும் எங்கள் ஏற்பாட்டுக்கு இசைந்தனர். பாத்தியை இழந்தோர் நால்வர். அம்மூதாட்டியும் அவர்களுள் ஒருவர். மற்றப் பெண்கள் தங்கள் பாத்திகளைக் குறுக்கிக்கொண்டு அந்நால்வருக்கும் இடம் விட்டனர். எந்த உத்தரவும் அவர்களுக்கு அதைச் சொல்லவில்லை.

அன்பர்களே, நெட்டிலிங்கத்தை நடுவோர் நிர்வாகத்தார் மட்டுமல்லர். நம் இல்லங்களிலும் அதை நாம் நட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு நாள் திருமண மண்டபத்தின் அலங்காரத்துக்குக் கடன்பட்டு, அக்கடன் தீருமுன்னே மகளின் மேற்படிப்புக்குப் பணமில்லையென்று கைவிரிக்கிறோம். வாசலில் நிற்கும் மோட்டார் வண்டியைப் பிறர் மெச்ச வேண்டுமென்று மாதந்தோறும் தவணை கட்டி, அடுக்களையிற் குறைத்துக்கொள்கிறோம். கண்ணுக்கு நிமிர்ந்து நிற்பவற்றுக்கு முன்னிடந் தருகிறோம். நாள்தோறும் கைபட்டு வளர்ந்து நம்மை வளர்ப்பவற்றைப் பிடுங்கி எறிகிறோம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளிற் குடியேறிய நம்மவர், மண்ணில்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. அடியில் துளையிட்ட பழைய வாளியும், ஒரு பிடி விதையும், வெயில் விழும் மாடமும் இருந்தாற் கீரை வளரும். சிறுவர்களை அதற்கு நீர் வார்க்கச் செய்யுங்கள். விதைத்ததைத் தாமே உண்ணும் இன்பத்தை அவர்கள் அறியட்டும். அழகு வாழ்வுக்கு வேண்டுவதே. நெட்டிலிங்கம் பாதையோரத்தில் நிற்கட்டும். அதன் பொருட்டு ஒரு வீட்டின் கீரையும் பிடுங்கப்படாதிருக்கட்டும்.