பெயரறிந்த பழம்

கடைத்தெருவில் விலைகொடுத்து வாங்கும் கனிகளுக்கே இன்று நம் இல்லங்களில் மதிப்பு மிகுதி. வேலியோரத்திலும் கண்மாய்க் கரையிலும் மலையடிவாரத்திலும், எவரும் நட்டு வளர்க்காமலே காய்த்துக் கனிந்து உதிரும் பழங்களை நம் பிள்ளைகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அவற்றின் பெயரை அறியார். இந்த அறியாமையால் அவர்கள் இழப்பது சுவையை மட்டுமன்று.

அழகர்மலை அடிவாரத்துச் சிற்றூரில் வளர்ந்தவள் நான். என் அப்பத்தா எழுத்தறியாதவர். ஆயினும் அவரோடு விறகு பொறுக்கச் சென்ற நாட்களில் களா, காரை, சூரை, இலந்தை, நாவல் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டிய பின்னரே என் கையில் தருவார். களாக்காயில் பால் ஒட்டும். கறுத்துக் கனிந்த பின்னரே தின்ன வேண்டும். இலந்தையை இரண்டாகப் பிளந்து, புழு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். சப்பாத்திக்கள்ளிப் பழத்தைக் கல்லில் நன்கு தேய்த்து, மயிர் போன்ற முட்களை நீக்கிய பின்பே தொட வேண்டும். இவையெல்லாம் அவர் நடத்திய பாடங்கள்.

இப்பழங்களின் பெருமை வெறும் பழங்கதையன்று. நெல்லிக்கனியையே எடுத்துக்கொள்வோம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, 100 கிராம் நெல்லியில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. ஆரஞ்சுப் பழத்தில் உள்ளதைப்போல் இது ஐந்து மடங்குக்கும் அதிகம். சில சிறு நெல்லிக்கனிகளே ஒருவரின் ஒருநாள் தேவையை நிறைவு செய்யும். நம் அன்றாட உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ளவும் இவ்வைட்டமின் துணைபுரிகிறது. நாவற்பழம் நாவில் ஏற்றும் ஊதா நிறமும் உடலுக்கு நலம் பயக்கும் பொருள்களுள் ஒன்றே. எனினும் நாவற்பழத்தை நம்பிச் சர்க்கரை நோய்க்கான மருந்தை நிறுத்துவது பேதைமை.

இனி மறுபக்கத்தையும் காண்போம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து ஊரில் ஐந்து சிறுவர்கள் காட்டாமணக்கு விதைகளை உடைத்துத் தின்று, வாந்தியும் வயிற்றுப்போக்குமாய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவன் என் தங்கையின் பேரன். மூன்றாம் நாள், இறையருளால் அனைவரும் நலமுடன் வீடு திரும்பினர். "ஏனப்பா அதைத் தின்றாய்?" என்று கேட்டேன். "நிலக்கடலை மாதிரி நல்லா இருந்துச்சு, அம்மாச்சி" என்றான்.

அவன் சொன்னது உண்மை. நஞ்சென்றால் கசக்கும் என்று நாம் நினைக்கிறோம்; காட்டாமணக்கு விதை கசப்பதில்லை. ஆகவே நாவை நம்பலாகாது. 'பறவை தின்கிறது, நாமும் தின்னலாம்' என்னும் கணக்கும் தவறு. எட்டிப்பழத்தின் சதையை இருவாட்சிப் பறவை உண்கிறது. அதன் விதையிலோ உயிர்கொல்லும் ஸ்ட்ரிக்னின் உள்ளது. மஞ்சள் அரளிக்காய் இதயத்தைத் தாக்கும். குன்றிமணியை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அழகில் இவற்றுள் எதுவும் குறைந்ததன்று.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றே, "இனி வேலிப்பக்கம் போகக்கூடாது, கடையில் வாங்கித் தருவதைத் தவிர வேறெதையும் தின்னக்கூடாது" என்று மகனுக்குக் கட்டளையிட்டாள் அவன் தாய். பெற்ற வயிற்றின் அச்சத்தை நான் குறைகூறேன். ஆனால் வேலியில்லாத ஊர் எது? தாயின் கண் மறைந்ததும் சிறுவனின் கை நீளத்தானே செய்யும்? நீளும் கைக்கு அறிவே காவல்.

அடுத்த ஞாயிறு மாலை தாயையும் மகனையும் அழைத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குச் சென்றேன். முதலில் காட்டாமணக்குச் செடியின் இலை, காய், விதை அனைத்தையும் காட்டினேன். பிறகு எட்டி நின்று அரளியைக் காட்டினேன். இறுதியில் மஞ்சளாய்க் கனிந்திருந்த காரைப்பழங்களைப் பறித்துக் கழுவி இருவருக்கும் கொடுத்தேன். "இதை நான் தின்னதே இல்ல, பெரியம்மா" என்றாள் தாய். அப்பொழுதுதான் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. கைமாறி வந்த அறிவு அறுபட்டது பிள்ளைகள் காலத்திலன்று. அவர்களைப் பெற்றவர்கள் காலத்திலேயே.

ஆகவே பெற்றோரே, பெரியோரே, சில விதிகளை இல்லத்தில் நிலைநாட்டுங்கள். பெயர் தெரியாத காயோ கனியோ வாய்க்குள் போகலாகாது. அறிந்த பெரியவர் ஒருவர் காட்டித் தந்ததையே உண்ண வேண்டும். மணத்தக்காளியாயினும் பச்சைக் காயைப் பறித்தவாறே தின்னாமல், நன்கு கனிந்ததையே தின்ன வேண்டும். பூச்சிமருந்து தெளித்த வயலோரத்தில் பறிக்கலாகாது. கடிபட்ட பழத்தைத் தொடலாகாது. 2018இல் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா நோய் பரவியபோது வௌவால் கடித்த கனிகளைக் குறித்து மக்கள் எச்சரிக்கப்பட்டதை மறத்தலாகாது. ஐயத்துக்குரியதைப் பிள்ளை தின்றுவிட்டால், உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்யாதீர். தின்ற காயையோ அதன் கிளையையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். 108 வண்டியை அழையுங்கள்.

விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் போதும். உங்கள் ஊரில் காட்டுப் பழங்களை அறிந்த முதியவர் இன்னும் ஒருவரேனும் இருப்பார். பிள்ளைகளோடு நீங்களும் அவர் பின்னே நடந்து செல்லுங்கள். சென்ற ஆடி மாதம் என் தங்கையின் பேரன் தன் சின்னத் தங்கையின் கையைப் பிடித்து நிறுத்தி, "அது காட்டாமணக்கு, தொடாதே, இங்கே வா, இதுதான் களா" என்று சொல்லக் கேட்டேன். என் அப்பத்தாவின் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் கிடைத்துவிட்டார்.