சுண்ணாம்புத் தண்ணியும் வெட்டிவேர் வினிகரும்

ஆலங்குளத்தில் துண்டு காய்ந்தால் கொடியிலிருந்து எடுத்து அப்படியே சுவரோரம் நிறுத்திவைக்கலாம் என்று ஊர்க்காரர்களே கேலி பேசுவார்கள். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு. இது விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை வட்டத்து ஆலங்குளம். ராஜபாளையத்துக்கும் சிவகாசிக்கும் நடுவில், கொஞ்சம் தெற்கே தள்ளி இருக்கிறது. பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லை நம்பித்தான் 1970-இல் இங்கே அரசு சிமெண்ட் ஆலை வந்தது. பிறகு 1976-இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம், அதாவது ‘டான்செம்’, தொடங்கியபோது அதன் கைக்குப் போனது. கல் சிமெண்டாகி மூட்டை மூட்டையாக வெளியூர் போகிறது. கல்லில் ஊறிய தண்ணீர் மட்டும் போர்க்குழாய் வழியாக ஊர் வாளிகளுக்கே வருகிறது.

நான் போனது அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீட்டுக்கு. அவருடைய மருமகள் துணிக்கு வாசனை மென்மையாக்கியைத் தானே தயாரிக்கிறார் என்று தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். பழக்கத்தில் அவரை ‘மதினி’ என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். இந்த விஷயத்தில் செய்முறைகளுக்குப் பஞ்சமே இல்லை. வினிகர் ஒரு கப், சமையல் சோடா ஒரு கப், தலைக்குப் போடும் கண்டிஷனர் ஒரு கப், வாசனை எண்ணெய் பத்துச் சொட்டு என்று எல்லோரும் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். வினிகரும் சோடாவும் கலந்தால் பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். பொங்கி முடிந்ததும் இரண்டின் வேலையும் தீர்ந்துபோய்விடும். கண்டிஷனரில் இருக்கும் சரக்கும் கடை மென்மையாக்கியில் இருக்கும் சரக்கும் ஒரே குடும்பம். அப்புறம் ‘இயற்கை’ எங்கே இருக்கிறது?

துவைக்கிற இடம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஒரு சிமெண்ட் தொட்டி, துவைகல், வரிசையாக வாளிகள். குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்ததை மதினி நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதன்மேல் ரெண்டு சொட்டு வினிகர் விட்டதும் ‘ஸ்ஸ்’ என்று நுரைத்தது.

“இதேதான் துணியிலயும் ஒட்டியிருக்கு. கண்ணுக்குத் தெரியாது, அம்புட்டுத்தான்” என்றார்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பிசுக்காக மாறும். அது நூலிழைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். துணி காய்ந்ததும் விறைக்கும், வெள்ளை மங்கும், துண்டு உடம்பைக் கீறும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. துவைக்கிறவர்களுக்கு இந்த எண்கள் தேவைப்படுவதில்லை. நுரை வருகிறதா, இல்லை திரிதிரியாக மிதக்கிறதா என்று பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

கடை மென்மையாக்கி இந்தப் பிசுக்கை எடுப்பதில்லை. அதன்மேல் இன்னொரு பூச்சு பூசுகிறது. கொழுப்பு வால் கொண்ட நேர்மின்னேற்றச் சேர்மங்கள் அதில் இருக்கின்றன. தண்ணீரில் நனைந்த பருத்தியின்மேல் எதிர்மின்னேற்றம் இருப்பதால் அவை போய் ஒட்டிக்கொள்ளும். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். கைக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் தொடர்ந்து போட்டால் துண்டு தண்ணீரை உறிஞ்சாது. குளித்துவிட்டுத் துடைத்தால் ஈரம் உடம்பில் இங்கிட்டும் அங்கிட்டும் இழுபடுமே தவிர, காயாது. கிராமத்துப் பெட்டிக்கடையில்கூட இன்றைக்கு அந்தப் பாக்கெட் சரம் தொங்குகிறது. இந்த வீட்டிலும் முன்பு வாங்கியிருக்கிறார்கள், துண்டுக்காகத்தான் நிறுத்தினார்களாம்.

மதினியின் முறையில் பாதி, பொறுமையாக இருப்பது. அடுக்களை மூலையில் வெயில் படாத தட்டில் அகலவாய்க் கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது. உள்ளே லேசான தேயிலை நிறத்தில் திரவமும் சுருட்டிய வெட்டிவேரும். மளிகைக் கடையில் கிடைக்கும் 4 சதவீத வெள்ளை வினிகர் ஒரு லிட்டர். அதற்கு ஐம்பது கிராம் வெட்டிவேர். வேரை மண் போகத் திரும்பத் திரும்ப அலசி, நிழலில் உலர்த்தி, விரல் நீளத்துக்கு நறுக்கிப் போடுகிறார். நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய பூலாங்கிழங்கு இரண்டு துண்டை இடித்து அதோடு சேர்க்கிறார். மூடியின் உட்புறம் ஒரு பிளாஸ்டிக் தாள். தகர மூடியை வினிகர் அரித்துவிடும். இரண்டு மூன்று வாரம் ஊற வேண்டும், நினைவு வரும்போதெல்லாம் ஒரு குலுக்கு. பிறகு பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் புட்டியில் ஊற்றிக்கொள்ளலாம்.

“ரோசாப்பூ, செம்பருத்தியெல்லாம் போடலாம்னு சொல்லுவாக. போட்டா சிவந்துபோகும். வெள்ளத் துணிய யாரு காப்பாத்துறது?”

வாசனை எண்ணெயையும் அவர் சேர்ப்பதில்லை. எண்ணெய் வினிகரில் கரையாது. மேலே மிதந்து, முதலில் எந்தத் துணி அகப்படுகிறதோ அதில் பொட்டுப் பொட்டாகக் கறை வைக்கும். மல்லிகையும் மரிக்கொழுந்தும் ஜாடியைத் திறந்த நேரத்துக்கு மணக்கும், கொடியில் காய்வதற்குள் பறந்துவிடும். வெட்டிவேரின் சத்து கனமானது, மெதுவாகத்தான் ஆவியாகும். அத்தர் காய்ச்சுபவர்களும் வாசனைத் திரவியக்காரர்களும் மற்ற மணங்களைப் பிடித்துவைக்க வெட்டிவேரை அடித்தளமாகப் போடுவது இதனால்தான்.

அலசுவதைப் பார்க்கத்தான் நான் காத்திருந்தேன். அன்றைக்கு வாளியில் இருந்தவை நாலைந்து துண்டுகளும் கைக்குழந்தையின் தொட்டில் சேலையும். ஒரு துண்டின் ஓரத்தில் மஞ்சள் தேய்த்துக் குளித்த கறை. சோப்புப் பட்டதும் அது செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. இது நம் வீடுகளில் எல்லோரும் பார்த்ததுதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். மதினி அந்தக் கறையைப் போக்க எந்த முயற்சியும் எடுக்கவில்லை. வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசினார். சிவப்பு கொஞ்சம் இறங்கியது. இன்னொரு முறை அலசியும் ஓரத்தில் ஒரு செம்மை மிச்சம் இருந்தது. “பாத்தீகளா, சோப்பு இன்னும் போகல.” கடைசி வாளியில் பதினைந்து லிட்டர் அளவுக்குத் தண்ணீர் பிடித்து, அரை டம்ளர், அதாவது நூறு மில்லி அளவுக்கு ஜாடித் திரவத்தை ஊற்றிக் கையால் கலக்கி, துண்டை அமுக்கினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மை உருகி, கறை பளிச்சென்று மஞ்சளுக்குத் திரும்பியது.

“இப்ப போயிருச்சு” என்றார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் செய்யும் வேலையை அந்தக் கறை செய்துகொண்டிருந்தது.

வினிகர் வாளியில் பத்து நிமிடம் ஊறினால் போதும். அதன்பின் அலச வேண்டாம். இதே சுண்ணாம்புத் தண்ணீரில் மறுபடி அலசினால் செய்த வேலை வீண். சோப்பு நுரை நிறைய இருக்கும்போதே வினிகரை ஊற்றிவிடக் கூடாது என்பதையும் ஒரு குவளையில் செய்து காட்டினார். சோப்புத் தண்ணீரில் நாலு சொட்டு விட்டதும் மோர் திரிந்த கணக்காய் வெள்ளை வெள்ளையாகப் பிரிந்தது. அமிலம் பட்டுச் சோப்பு கொழுப்பு அமிலமாகப் பிரிவதுதான் அது. துணியில் ஏறினால் எண்ணெய்ப் பிசுபிசுப்பு. வினிகர் கைவசம் இல்லாதபோது சிட்ரிக் அமிலம், கடையில் எலுமிச்சை உப்பு என்று கொடுப்பார்களே அது, வாளிக்கு ஒரு சின்னக் கரண்டி போடுகிறார். அது கால்சியத்தைப் பிடித்துக் கரைத்துக்கொண்டு போவதில் வினிகரைவிடக் கெட்டி. விலையும் குறைவு, புளித்த வாடையும் இல்லை. என்னைக் கேட்டால், மணத்தைப் பற்றிக் கவலையில்லாத வீட்டுக்கு எலுமிச்சை உப்பே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மதினியின் குரல் கடுத்தது. பிளீச்சிங் பவுடர் போட்ட வாளிக்கும் இந்த ஜாடிக்கும் ஏணி வைத்தாலும் எட்டக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அதனால் வெளுப்பு வாளி தனி நிறம், தனி மூலை.

துண்டை எடுத்த மதினியின் மாமியார் நேரே கொடிக்குப் போகவில்லை. அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டேன். இரண்டு முனையையும் பிடித்து ‘பட், பட்’ என்று உதறினார். தெறித்த தண்ணீர் என் கண்ணாடியில் விழுந்தது. “உதறாமப் போட்டா ஒட்டடைக் கம்புதான் தாயி” என்றார் பெரியம்மா. காய்ந்த பிறகும் மடிப்பதற்கு முன் இன்னொரு உதறல் உண்டு. இதைப் பழைய வழக்கம் என்று தள்ளிவிட முடியாது. ஜப்பானின் காவோ நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வு, தானாகக் காய்ந்த பருத்தித் துண்டு ஏன் விறைக்கிறது என்று ஆராய்ந்தது. காய்ந்த பிறகும் இழையின் மேற்பரப்பில் தங்கிவிடும் கொஞ்சம் தண்ணீரே பசைபோல இழையை இழையோடு ஒட்டவைக்கிறது என்பது அவர்களுடைய முடிவு. உதறும்போதும் கசக்கும்போதும் அறுபடுவது அந்த ஒட்டுதான். சுண்ணாம்பே இல்லாத தண்ணீரில் துவைத்தாலும் துண்டு கொஞ்சம் விறைப்பதற்கு இதுதான் காரணம். ஜாடியில் இருப்பது சுண்ணாம்பை எடுக்கும், மிச்ச வேலை பெரியம்மாவின் கையில்.

பக்கத்து வீட்டு அண்ணன் பயராபீசுக்குப் போகிறவர். இந்தப் பக்கம் பட்டாசு ஆலையை அப்படித்தான் சொல்வார்கள். அவர் வீட்டுக் கொடியில் இரண்டு பருத்திச் சட்டைகள் தனியாகக் காய்ந்தன. வெடிமருந்து அறைப் பக்கம் பாலியஸ்டரும் நைலானும் ஆகாது. உரசினால் நிலைமின்னேற்றம் சேரும். ஒரு சின்னப் பொறி போதும். பருத்தி உடுத்தி, உள்ளே நுழையும்போது தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவது இதற்காகத்தான். கடை மென்மையாக்கி நிலைமின்னேற்றத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கொழுப்புப் பூச்சு, பஞ்சுத்தன்மை உள்ள பருத்தித் துணி தீப்பிடிப்பதை எளிதாக்கவும் கூடும். அமெரிக்காவில் விற்கும் புட்டிகளில், குழந்தைகளின் இரவு உடையிலும் தீத்தடுப்புத் துணியிலும் போடாதீர்கள் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். மருந்தோடு பழகுகிறவர் சட்டையில் அந்தப் பூச்சு எதற்கு?

அந்தச் சட்டைகளை எப்படித் துவைக்கிறீர்கள் என்று அண்ணனின் மனைவியிடம் கேட்டேன். முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவாராம். வெடியுப்பு கரைந்து போய்விடும். கந்தகமும் அலுமினியப் பவுடரும் கரையாது, அலசி அலசித்தான் விட வேண்டும். அப்புறம்தான் சோப்பு. மற்ற துணியோடு சேர்ப்பதில்லை, குழந்தைத் துணி பக்கமே வராது. “வேலைத் துணிக்கு எதுக்கு மணம்?” என்று சிரித்தார். ஜாடித் திரவத்தை அவர் வாங்கிப் போவது சேலைக்கும் துண்டுக்கும் மட்டும். வினிகர் துணியை மெத்தென்று ஆக்குமே தவிர, அது பயராபீசுப் பாதுகாப்புக்கு எந்த விதத்திலும் மாற்றில்லை என்பதை நானும் இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

இனி மணம். பிற்பகலில் காய்ந்த துண்டை முகத்தில் வைத்துப் பார்த்தேன். வினிகர் வாடை துளியும் இல்லை. காயும்போதே அது ஆவியாகிவிடும். துண்டு மெத்தென்று இருந்தது, கடைப் பூச்சின் வழவழப்பு இல்லாத மென்மை. வெட்டிவேர் மணம்? இருந்தது, தேடினால் கிடைக்கும் அளவுக்கு. கடைப் பாக்கெட் தரும் மூன்று வீடு தாண்டி வீசும் வாசனையை எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றம்தான். பதினைந்து லிட்டர் தண்ணீரில் நூறு மில்லியைக் கலந்து பிழிந்தபிறகு எவ்வளவு மிஞ்சும்?

மதினிக்கும் அது தெரியும். பீரோவைத் திறந்து காட்டினார். அடுக்கிய துணிகளுக்கு நடுவே உலர்ந்த வெட்டிவேர் முடிச்சுகள்; குழந்தைத் துணித் தட்டில் பூலாங்கிழங்குப் பொட்டலம். மணம் முழுக்க அங்கேதான் இருந்தது. என் கணக்கில் ஜாடியில் போடும் வேரில் பாதியைப் பீரோவுக்கு மாற்றிவிட்டால் செலவும் மிச்சம், வாசனையும் கூடும். சொன்னேன். “ஜாடியத் தெறக்கும்போது ஒரு வாசன வருது பாருங்க, அதுக்கே போடுறேன்” என்றார். அதற்குமேல் வாதாட ஒன்றுமில்லை.

இவ்வளவு மென்மைக்கும் அடங்காத ஒரு துணி அந்த வீட்டில் உண்டு. மதினியின் மாமனார், ஆலையில் ஓய்வு பெற்ற அந்த மாமாவின் வெள்ளை வேட்டி. நம் ஊரில் துணிக்குப் பசை போடும் வழக்கம் குறுந்தொகை, நற்றிணைக் காலத்திலேயே பாட்டில் ஏறிவிட்டது. மாமாவும் மொடமொடவென்று நிற்காத வேட்டியைக் கட்ட மாட்டார். வடித்த கஞ்சியைப் பெரியம்மா தனிச் சட்டியில் எடுத்துவைத்திருந்தார். மதினி பழக்கதோஷத்தில் வேட்டியையும் வினிகர் வாளிப் பக்கம் நகர்த்த, திண்ணையிலிருந்து குரல் வந்தது:

“ஏம்மா, அதுல கை வைக்காத. நாளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகணும்.”