பிள்ளை இல்லாததற்குப் பெண் மட்டுமா காரணம்?

யுத்தம் உங்களிடமிருந்து பறித்ததை மண்சரிவு எங்களிடமிருந்து பறித்தது. வீடு, உறவு, ஊர் என்று நாம் இழந்தவை வெளியே தெரிகின்றன. பிள்ளை தங்காத கவலை மட்டும் வெளியே தெரிவதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகின்றேன்.

நான் பூனாகலையில் பிறந்தவள். 2010ஆம் ஆண்டு கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். ஒரு வருடம் கழிந்ததும் லயத்தில் கதை தொடங்கிவிட்டது. வளைகாப்பு வீட்டில் சந்தனத் தட்டு என்னைத் தாண்டிப் போகும். கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்தோம், மந்திரித்து நூல் கட்டினோம். கணவருக்கு வேறு பெண் பார்ப்பது பற்றி மாமியார் என் காதுபடவே பேசினார். எனக்கு மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அதுவே ஓர் அறிகுறி என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

வழிகாட்டியவர் எங்கள் பகுதிக் குடும்பநல மாது. பதிவேட்டை நிரப்ப லயத்துக்கு வந்தவர், "கல்யாணம் கட்டி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, தடை மருந்தும் பாவிக்கல. ரெண்டு பேருமா கிளினிக்குக்கு வாங்க" என்றார். 'ரெண்டு பேருமா' என்பதை அழுத்திச் சொன்னார். பிள்ளை இல்லாத தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆணின் பக்கத்திலும் காரணம் உண்டு. விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, நோவும் இல்லை. பெண்ணுக்குப் பெரிய சோதனைகளைச் செய்வதற்கு முன்பே அதைச் செய்துவிடலாம். என் கணவரை இணங்க வைக்க எட்டு மாதம் சென்றது.

பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போய்விடும். இரத்தம் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அவருக்குக் குறையில்லை. எனக்குச் சூலகத்தில் சிறு சிறு நீர்க்கட்டிகள் இருந்தன. முட்டை ஒழுங்காக முதிர்ந்து வெளிவரவில்லை. வைத்தியர் படம் வரைந்து விளக்கினார். முட்டை வெளிவர வேண்டும், குழாய் திறந்திருக்க வேண்டும், கருப்பை கருவைத் தாங்க வேண்டும். நீர்க்கட்டியும் தைரொயிட் குறைபாடும் முட்டை வெளிவருவதைக் குழப்பும். கவனிக்காத கிருமித்தொற்றும் காசநோயும் குழாயை அடைக்கக்கூடும். வயிற்றில் ஒப்பரேஷன் செய்தபின் உள்ளே ஏற்படும் ஒட்டுகளும் அப்படியே. செல் துண்டு பட்டு வயிற்றில் ஒப்பரேஷன் செய்துகொண்ட சகோதரிகள் இதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாதவிடாயின்போது தாங்கமுடியாத வலி இருந்தால் அதையும் சொல்லுங்கள். கருப்பையின் உட்படை வெளியே வளரும் நோயாக அது இருக்கலாம்.

முட்டையை வெளிவரச் செய்யும் மாத்திரை தந்தார்கள். நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்தது. லயங்கள் புதைந்தன. என் கிளினிக் கொப்பியும் மண்ணுக்குள் போயிற்று.

பிறகு பாடசாலையில் இருந்தோம். அதன்பின் மாகல்தெனியவில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தோம். சேலையும் பலகையும்தான் மறைப்பு. பக்கத்துக் குடும்பம் இருமினால் கேட்கும். அங்கே புருஷன் பெண்டாட்டி எப்படி வாழ்வது? முகாம்களில் இருந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளை உண்டாகாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. 2016 ஒக்டோபரில்தான் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. அதன் பிறகே மீண்டும் கிளினிக்குக்குப் போனேன்.

இம்முறை குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு குழாய்களிலும் அடைப்பு. முட்டையையும் விந்தையும் வெளியே சேர்த்துக் கருவைக் கருப்பையில் வைக்கும் முறைதான் மிச்சம் என்றார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் அதற்குப் பல இலட்சம் ரூபா வேண்டும். எல்லாருக்கும் முதல்தடவையே சரிவருவதுமில்லை. நாங்கள் இருவரும் பேசி அத்தோடு நிறுத்திக்கொண்டோம். கணவரின் அக்கா மகள் அன்று பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பியவள். அவள் எங்களோடு வளர்ந்தாள். என்னை 'அத்தை' என்றுதான் கூப்பிடுவாள்.

கர்ப்பத்தடை ஒப்பரேஷன் செய்தபின் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் கவலை வேறு. 2004 சுனாமிக்குப் பிறகு, தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் போன்ற இடங்களில் அப்படிப்பட்ட தாய்மாருக்குக் குழாயை மறுபடி இணைக்கும் ஒப்பரேஷனை அரசாங்கமே இலவசமாகச் செய்துகொடுத்தது. பலருக்கு மீண்டும் பிள்ளை பிறந்தது. வயது, முன்பு குழாயைக் கட்டிய விதம், மிஞ்சியிருக்கும் குழாயின் நீளம் ஆகியவற்றைப் பொறுத்தே பலன் கிடைக்கும். ஆகவே "இனி ஒன்றும் முடியாது" என்று நீங்களே முடிவு கட்டாமல் மகப்பேற்று வைத்தியரிடம் கேளுங்கள்.

சகோதரிகளே, ஒரு வருடம் முயன்றும் கரு தங்கவில்லையென்றால் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். வயது 35ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போலிக் அமில மாத்திரையைக் கரு தங்குவதற்கு முன்பே தொடங்குங்கள். கிளினிக் கொப்பியில் உள்ளதை இன்னொரு தாளில் எழுதி வேறு இடத்திலும் வையுங்கள்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்தக் கவலையைச் சந்திக்கின்றார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. இது சாபமும் இல்லை, பாவமும் இல்லை. உங்கள் பக்கத்து வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தால், அடுத்த வளைகாப்பில் சந்தனத் தட்டை அவள் கையில் கொடுங்கள்.