தக்கதானோபாபாவில் ஒரு சண்டைக் கூடம்

தோக்கியோவுக்குப் போய் வந்தவர்கள் அசாக்குசா கோயிலைப் பற்றியும் வானளாவிய கட்டடங்களைப் பற்றியும் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் சொல்லப் போவது தக்கதானோபாபா என்னும் பேட்டையைப் பற்றி. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். ஷின்ஜுக்கு நிலையத்திலிருந்து யமனோத்தே இரயில் பாதையில் இரண்டாவது நிறுத்தம். வசேடா பல்கலைக்கழக மாணவர்கள் புழங்கும் இடமாதலால் மலிவான சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை. இரயில் பாலத்தின் அடியில் ஒசாமு தெசுக்காவின் சித்திரப் பாத்திரங்களைச் சுவரில் தீட்டி வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் 'அஸ்ட்ரோ பாய்' என்று அறிந்த இயந்திரச் சிறுவன், கதைப்படி 2003 ஏப்ரல் 7-இல் இந்தப் பேட்டையில்தான் பிறந்தானாம்.

1982-இல் தொடங்கிய கிழக்கை நோக்கும் கொள்கையின் பயனாய் நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் ஜப்பானுக்குப் படிக்கப் போனது வாசகர்கள் அறிந்ததே. என் தங்கை மகனும் அங்கேதான் படிக்கிறான். "கோயில் எங்கேயும் ஓடிடாது மாமா. நான் தெனமும் அடி வாங்கற எடத்த மொதல்ல வந்து பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

அவன் அடி வாங்கும் இடத்தின் பெயர் மிக்காடோ. காசு போட்டு ஆடும் மின் விளையாட்டு நிலையம். உள்ளே நுழைந்ததும் ரப்பர் ஆலைக்குள் நுழைந்தாற்போல் ஓர் இரைச்சல். வரிசை வரிசையாய்ப் பெட்டிகள், முன்னால் முக்காலிகள். இரண்டு பெட்டிகளை முதுகோடு முதுகு ஒட்டி வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். எதிராளியின் முகம் தெரியாது. திரையில் அவர் ஆட்டும் வீரன் மட்டுமே தெரிவான். ஒரு தடவைக்கு நூறு யென். வென்றவர் எழ வேண்டியதில்லை. தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும், அல்லது இன்னொரு நூறு யென் போட வேண்டும்.

இந்தச் சண்டை விளையாட்டுகளுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது 1991-இல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. அதில் நாம் எடுத்து ஆடக்கூடிய வீரர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரை இருவர் இருவராக மோதவிட்டால் 28 சோடிகள் வரும். மிக்காடோவில் மருமகன் ஆடுவது 1994-இல் வந்த பதிப்பு. அதில் 16 வீரர்கள். மறைந்திருக்கும் ஒருவனைச் சேர்க்காமலே 120 சோடிகள். கணக்குப் பாடத்துக்கு நல்ல உதாரணம் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு சோடிக்கும் சண்டை வேறு. மருமகன் எடுப்பது ஸாங்கீஃப் என்னும் ருஷ்ய மல்யுத்த வீரன். கிட்டே போனால் தூக்கிச் சாத்திவிடுவான். எட்ட நின்றால் வெறும் மலை. தால்சிம் என்னும் இந்திய யோகியோ இருந்த இடத்திலிருந்தே கையையும் காலையும் ரப்பராய் நீட்டி அடிப்பான். வாயால் தீ ஊதுவான். நம் தோட்டங்களில் சிலம்பம் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். நெடுங்கம்புக்காரனிடம் வெறுங்கையோடு மோதுகிறவன் நிலைமை அது! ஜப்பானியர் இதற்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சமமான திறமையுள்ள இருவர் பத்துத் தடவை மோதினால் எவருக்கு எத்தனை வெற்றி என்று 6-4, 7-3 எனக் கட்டம் கட்டி எழுதுவார்கள். இந்தச் சோடியில் கை ஓங்கியிருப்பது யோகிக்குத்தான்.

ஊரில் இருந்தபோது மருமகன்தான் பட்டணத்துக் கடையில் முதல்வன். அவனை வெல்ல ஆளில்லை. ஆனால் அங்கே நல்ல தால்சிம் ஆடுகிறவரும் ஒருவரில்லை. யோகியைச் சமாளிக்க வேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை. நான் பார்த்த அன்று மாலை, கழுத்துப் பட்டை அணிந்த அலுவலகக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து யோகியை எடுத்தார். மருமகன் ஆறு தடவை தோற்றான். அறுநூறு யென்! பக்கத்தில் நின்ற எனக்கு வயிறு எரிந்தது. அவனோ ஏழாவது காசைத் தேடினான்.

அப்போது அந்த மனிதர் எழுந்து சுற்றி வந்தார். தலை தாழ்த்தி வணங்கினார். பிறகு சைகையும் பேச்சுமாய் விளக்கினார். மருமகன் எனக்குத் தமிழில் சொன்னான். நீட்டிய கையும் யோகியின் உடம்புதான். அது சுருங்கித் திரும்பச் சற்று நேரம் ஆகும். அந்த நேரத்தில் கையையே அடி. தீயைக் கண்டு குதிக்காதே. ஸாங்கீஃபின் பச்சைக் கையால் அதை அணைத்துக்கொண்டு ஓரடி முன்னேறு. ஒரே ஓரடி போதும். சொன்னதோடு நில்லாமல், அதே அடியைத் திரும்பத் திரும்பக் கொடுத்து அவனைப் பழக்கினார். அந்தப் பத்து ஆட்டங்களில் மருமகன் மூன்றில் வென்றான். கட்டத்தில் எழுதியிருக்கும் மூன்றை எட்டிவிட்டான் என்று சிரித்தார் அவர். ஜெயிக்கிறவன் தன் இரகசியத்தை எதற்காகச் சொல்லித் தருகிறான் என்று எனக்கு வியப்பு. மருமகன் விளக்கினான்: நல்ல ஸாங்கீஃப் ஆடுகிறவர் இல்லாவிட்டால் அவருடைய தால்சிம் துருப்பிடித்துவிடுமாம்.

2019-இல் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் என்ற இளைஞர், பயணத் தடங்கல்களையெல்லாம் தாண்டி ஃபுக்குவோக்காவுக்கு வந்து 'டெக்கன்' போட்டியில் வெற்றி பெற்றார். அதே ஆண்டில் லாஸ் வேகஸிலும் வென்றார். தமக்கு இணையானவர்கள் தம் நாட்டில் இன்னும் பலர் உண்டு என்று அவர் சொன்னபோது பலருக்கு நம்பிக்கையில்லை. மிக்காடோவின் முக்காலிகளைப் பார்த்த பிறகு நான் நம்புகிறேன். தனியாக ஒருவன் அப்படி முளைக்க முடியாது.

ஆனால் இத்தகைய இடங்கள் அருகி வருகின்றன. 1986-இல் ஜப்பானில் 26,000-க்கு மேற்பட்ட விளையாட்டு நிலையங்கள் இருந்தன. 2019-இல் ஏறத்தாழ 4,000. பெயர் பெற்ற சேகா நிறுவனமும் 2022-இல் இந்தத் தொழிலிலிருந்து முழுதாக விலகியது. 2020-இல் கொரோனாவால் கதவடைத்தபோது, ஆடுகிறவர்கள் பணம் சேர்த்துக் கொடுத்ததால்தான் மிக்காடோ பிழைத்தது. வீட்டிலிருந்தே இணையத்தில் ஆடலாமே என்று கேட்டேன். "ஆடலாம் மாமா. ஆனா தோத்தா யாரும் சுத்தி வந்து சொல்லித் தரமாட்டாங்க" என்றான்.

பெற்றோருக்கு ஒரு செய்தி: அங்கே 18 வயதுக்குட்பட்டவர்கள் இரவு 10 மணிக்கு மேல் நிலையத்தில் இருக்கக்கூடாது. சட்டம் அது. பெரியவர்கள் கடைசி இரயில் வரை இருப்பார்கள் போலும்.

நாங்கள் கிளம்பும்போது அந்த அலுவலகக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார். யார் எந்த வீரனை நன்றாக ஆடுவார்கள், எந்தக் கிழமை வருவார்கள் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். மருமகன் அடுத்துப் பழக வேண்டியது கைல் என்னும் அமெரிக்கப் படைவீரனோடாம். கைலை நன்றாக ஆடுகிறவர் மார்க்கெட்டில் மீன் விற்பவர். சனிக்கிழமை பிற்பகல்தான் வருவாராம். மருமகன் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டான்.