ஹம் நகரில் ஒரு பாம்பு வியாபாரி

ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த தமிழர் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்யாத வேலை இல்லை எனலாம். உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்த்தார்கள். விடியற்காலைக் குளிரில் வீடு வீடாகப் பத்திரிகை போட்டார்கள். ஆனால், பாம்பு வளர்த்து விற்றவர் ஒருவரும் இருக்கிறார் என்றால் கேட்பவர் சிரிப்பார், அல்லது முகத்தைச் சுளிப்பார். ரூர் பிரதேசத்தில் குடும்பத்துடன் வாழும் யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் இவ்விரண்டையும் பல ஆண்டுகளாகக் கண்டு பழகியவர்.

ஹம் நகரின் பெயரை அறியாத சைவத் தமிழர் ஜேர்மனியில் இரார். 2002ஆம் ஆண்டு யூலை மாதம் அங்கே குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேருக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் அடியார்கள் வந்து குவிவர். அதே நகருக்கு வேறொரு கூட்டமும் திரண்டு வருவது பலர் அறியாத செய்தி. அங்குள்ள பெரிய பொருட்காட்சி மண்டபங்களில் ஆண்டுக்கு நான்கு தடவை, மார்ச், யூன், செப்டெம்பர், டிசெம்பர் மாதங்களில், 'தெராரிஸ்திகா' என்னும் சந்தை கூடும். பாம்பு, பல்லி, ஆமை, தவளை முதலியவற்றை வீட்டில் வளர்ப்போரும் விற்போரும் கூடும் இவ்வகைச் சந்தைகளுள் இது உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. அன்பர் அங்கே ஒரு மேசையை வாடகைக்கு எடுத்து விற்ற சிறு வியாபாரி.

அவர் இதற்குள் வந்தது தற்செயலாகத்தான். 2001ஆம் ஆண்டில் மகனுடைய பள்ளித் தோழன் ஒருவனின் குடும்பம் வேறூர் போக, அந்த வீட்டிலிருந்த சோளப்பாம்பு ஒன்றை வைத்திருக்க ஆளில்லாமற் போயிற்று. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த, விஷமற்ற, செம்மஞ்சள் நிறப் பாம்பு அது. மகன் அழுது கேட்டான். ஊரில் பாம்பு என்ற சத்தம் கேட்டால் பொல்லோடு ஓடும் ஆட்களையும், நாகத்தைக் கண்டால் மட்டும் "நாகதம்பிரானே, விலகிப் போ" என்று கைகூப்பும் பெண்களையும் கண்டு வளர்ந்தவர் அன்பர். முதல் மாதம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குக் கிட்டவும் போகவில்லை. இரண்டாவது மாதம் தண்ணீர் மாற்றினார். ஆண்டு முடிவதற்குள், மகன் விளையாட்டுக்குப் போய்விட, பாம்புக்குச் சாப்பாடு கொடுப்பவர் தகப்பனே என்றாயிற்று.

பின்னர் வீட்டுக்கு வந்தது மேற்கு ஆபிரிக்காவின் அரச மலைப்பாம்பு. மலைப்பாம்பு என்றதும் ஆட்டை விழுங்கும் பூதம் என்று எண்ணிவிட வேண்டாம். வளர்ந்தாலும் ஒன்றரை மீற்றருக்கு மேற்போவது அரிது. பயம் வந்தால் கடிப்பதை விடத் தலையை உள்ளே வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதே அதன் வழக்கம். பெண்பாம்பு ஒரு தடவையில் ஏறக்குறைய ஆறு முட்டைகள் இட்டு அவற்றைச் சுற்றிப் படுத்துக் காக்கும். வளர்ப்பவர்கள் அம்முட்டைகளை எடுத்து 31, 32 பாகை வெப்பமுள்ள பெட்டியில் வைப்பார்கள். இரண்டு மாதமளவில் குஞ்சுகள் ஓட்டைக் கீறித் தலையை நீட்டும். முதலாவது தோலைக் கழற்றிய பின்புதான் இரை எடுக்கும். தொடர்ந்து ஐந்து முறை ஒழுங்காக இரை எடுக்காத குஞ்சை அன்பர் சந்தைக்குக் கொண்டு போகமாட்டார். எந்தத் திகதியில் எது என்ன தின்றது என்பதற்கெல்லாம் ஒரு கொப்பி வைத்திருந்தார். பலசரக்குக் கடைக் கணக்குப்போல இருக்கும்.

சந்தை நாளில் குஞ்சுகள் ஒவ்வொன்றும் காற்றோட்டத் துளையிட்ட சிறு பிளாஸ்ரிக் பெட்டியில், அடியில் ஈரங்காக்கும் தாளுடன் இருக்கும். டிசெம்பர் மாதமானால் அவற்றை ரெஜிபோம் பெட்டிகளுக்குள் வெந்நீர்ப் போத்தல்களோடு அடுக்கி எடுத்துச் செல்ல வேண்டும். பெட்டியின் மூடியில் 1.0 என்று எழுதியிருந்தால் ஆண், 0.1 என்றால் பெண். பிறந்த ஆண்டு, நிற வகை, விலை ஆகியனவும் இருக்கும். இந்த மலைப்பாம்பு சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இனமாதலால், எங்கே பிறந்தது, யாரிடமிருந்து வந்தது என்ற பத்திரமும் வாங்குபவர் கையில் கொடுபட வேண்டும்.

இதில் பெரும் பணம் கிடைக்கும் என்று நினைத்தவர்களில் அவரும் ஒருவர். 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பொப் கிளார்க் என்பவர் இந்த இனத்தில் வெள்ளை மஞ்சள் நிறக் குஞ்சுகளை முதன்முதலாகப் பெருக்கிக் காட்டிய காலத்தில், நிறம் மாறிய ஒரு குஞ்சு ஒரு காரின் விலைக்குப் போயிற்று. ஆனால் பெண்பாம்பு முட்டையிடும் பருவத்துக்கு வர மூன்று ஆண்டு செல்லும். பெரியவர்கள் விற்ற புது நிறத்தை வாங்கி, வளர்த்து, குஞ்சு பொரிக்க வைத்துச் சிறியவர் மேசைக்குக் கொண்டுவரும்போது, அதே நிறம் பக்கத்து மேசைகள் எல்லாவற்றிலும் இருக்கும். விலை பாதியிலும் கீழே போயிருக்கும். மேசை வாடகை, பெற்றோல், மின்சாரம், உறைந்த எலிகளின் விலை எல்லாம் கழித்தால், அவருக்கு நல்ல ஆண்டில் கைச்செலவுக்குக் காணும். கெட்ட ஆண்டில் கையைக் கடிக்கும்.

அவருடைய தாயார் இதை ஒருநாளும் மனமார ஏற்றுக்கொண்டதில்லை. நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை அவர். சந்தை நாட்களில் தாயாரும் காரில் கூடவே வருவார். மேசையை அடுக்கியபின் அன்பரின் மனைவி அவரைக் காமாட்சி அம்பாள் ஆலயத்தில் கொண்டுபோய் விடுவார். ஒருமுறை போகும் வழியில் தாயார் சொன்னார்:

"தம்பி, நாங்கள் கும்பிட்ட உயிரை நீ மேசையிலை வைச்சு விலை சொல்லுறாய். எனக்கு அது மனசுக்கு ஒத்துக்கொள்ளேல்லை."

"அம்மா, இது எங்கடை நாகம் இல்லை. படமும் இல்லை, விசமும் இல்லை. ஆபிரிக்காப் பாம்பு."

"ஆபிரிக்கா எண்டால் உயிர் இல்லையோ?"

அதற்கு அவர் மறுமொழி சொல்லவில்லை.

2006ஆம் ஆண்டில், மனைவி வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், 'ஸ்பைடர்' என்னும் வகை ஆண்பாம்பு ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினார். பொன்னிற உடலில் சிலந்தி வலைபோல மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடும் அழகிய வகை. அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பெருக்கப்பட்டது. வீட்டுக்கு வந்த சில நாளில் அதன் தலை சற்று ஒருபக்கம் சரிவதையும், இரையைக் கண்டு பரபரப்படையும்போது கழுத்து திருகுவதையும் கண்டார். விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டார். "இந்த வகை இப்படித்தான், பாதகமில்லை, தின்னும், குட்டி போடும்" என்று பதில் வந்தது. தாயார் பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாவம், அதுக்குத் தலை சுத்துது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

2008ஆம் ஆண்டில் அந்த ஆண்பாம்பின் குஞ்சுகள் பொரித்தன. ஆறில் மூன்று தகப்பனின் நிறம். அவற்றில் ஒன்று தகப்பனை விட மோசம். எலியைப் பிடிக்கப் பாய்ந்தால் குறி தவறும். சில வேளை உடல் முறுகி மல்லாந்து கிடக்கும். ஆயினும் விடாமுயற்சியுடன் தின்றது. கொப்பியில் ஐந்து வரிகள் நிரம்பின. மூன்றும் செப்டெம்பர் மாதச் சந்தைக்குப் போயின. அந்த மேசையில் விலை கூடியவை அவைதான். அந்த ஆண்டின் நட்டத்தைச் சரிக்கட்ட வேண்டியவையும் அவைதான்.

பிற்பகலில் ஒரு ஜேர்மனியர் பத்து வயதளவான மகனோடு வந்து நின்றார். பையனுக்கு வேறொன்றிலும் கண் போகவில்லை. அந்த மூன்றாவது பெட்டியைக் காட்டி, "அப்பா, இது மேலே பார்க்கிறது" என்றான். தகப்பன் சிரித்துக்கொண்டே பணப்பையை எடுத்தார். எடுத்தவர், "ஏன் இப்படிப் பார்க்கிறது?" என்று அன்பரை ஒரு வார்த்தை கேட்டார்.

"இந்த வகை இப்படித்தான், பாதகமில்லை" என்ற சொல் அன்பரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டு ஆண்டுக்கு முன் தன் காதில் விழுந்த அதே சொல் அது என்பது அந்தக் கணத்தில்தான் அவருக்கு உறைத்தது. அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இதற்குச் சுகமில்லை. மேல் எது, கீழ் எது என்று இதற்குத் தெரியாது. இது மாறாது. இந்தப் பாம்பு முப்பது வருடம் இருக்கக்கூடும், உங்கள் மகன் இதையும் கூட்டிக்கொண்டுதான் கலியாணம் செய்ய வேண்டிவரும்" என்றார். தகப்பன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, பழுப்பு நிறச் சாதாரணக் குஞ்சு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினார். பையனின் முகம் வாடிப் போயிற்று. பக்கத்து மேசைக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மேசையிலும் அந்த வகைக் குஞ்சுகள் நான்கு இருந்தன. "நீ சுகமில்லை என்று சொன்னால் நாங்கள் எப்படி விற்பது?" என்று கடிந்துகொண்டார். அன்பர் மற்ற இரண்டு பெட்டிகளையும் எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார்.

மாலையில் ஆலயத்திலிருந்து தாயாரை ஏற்றியபோது, வழக்கம்போல, "எத்தினை குடுத்தனி?" என்று கேட்டார். நடந்ததை அன்பர் சொன்னார். அன்றைக்குப் பெற்றோல் காசுகூடச் சரியாகத் தேறவில்லை என்றும் சொன்னார். தாயார் ஒன்றும் பேசாமல் கைப்பையிலிருந்த திருநீற்றை எடுத்து மகனின் நெற்றியில் பூசினார். பின்னால் இருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்து, "அதுகளுக்கு எப்ப சாப்பாடு?" என்று கேட்டார். பாம்புகளைப் பற்றி அவர் அக்கறையாகக் கேட்ட முதற் கேள்வி அது.

அதன்பின் அந்த ஆண்பாம்பைப் பெண்பாம்புகளோடு அவர் சேர்க்கவில்லை. நிறத்தைக் கொடுக்கும் மரபணுவே அந்தக் குறையையும் கொடுக்கிறது, இரண்டையும் பிரிக்க முடியாது என்பது நாளடைவில் வளர்ப்பவர் பலரும் ஒப்புக்கொண்ட விடயமாயிற்று. வேதனை தரும் குறையோடு பிறக்கும்படி விலங்குகளை இனப்பெருக்கம் செய்யலாகாது என்று ஜேர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிரிவே உண்டு. 2022ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இந்த வகைப் பாம்புகளின் உட்காதில் சமநிலையைக் காக்கும் உறுப்பு பிறவியிலேயே குறைபட்டிருப்பதைப் படங்களோடு காட்டிற்று. அந்தச் செய்தியை வாசித்தபோது, தலை சுற்றுகிறது என்று முதல் நாளே சொன்ன தாயார் உயிரோடு இல்லை.

இன்னொன்றையும் அவர் தாயாருக்குச் சொல்லக் கிடைக்கவில்லை. அந்தப் பாம்பின் சொந்த மண்ணான மேற்கு ஆபிரிக்காவில், பெனின் நாட்டின் ஊய்டா என்னும் ஊரில், இதே அரச மலைப்பாம்புகளுக்கு ஒரு கோயில் உண்டு. அங்கே அவை புனிதமானவை. ஊருக்குள் வந்துவிட்ட பாம்பை ஆட்கள் அடிப்பதில்லை; பக்குவமாகத் தூக்கி வந்து கோயிலில் விடுகிறார்கள். "இது எங்கடை நாகம் இல்லை" என்று தாயாருக்குச் சொன்ன மறுமொழி எவ்வளவு அரைகுறையானது என்று அவர் இப்போது சொல்வதுண்டு.

அவர் வியாபாரத்தை அன்றோடு விட்டுவிடவும் இல்லை. மேலும் சில ஆண்டுகள் நிறம் குறைந்த, சுகமான குஞ்சுகளை மட்டும் விற்றார். அவருடைய கொப்பியில் ஒரு புதுப்பக்கம் சேர்ந்தது: வாங்கியவர் பெயர், தொலைபேசி இலக்கம். வைத்திருக்க முடியாவிட்டால் எப்போதும் திருப்பித் தரலாம் என்று எல்லோரிடமும் சொன்னார். அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் மிருகக்காட்சிச்சாலையில் அறுபது வயது தாண்டிய இவ்வினப் பெண்பாம்பு ஒன்று 2020ஆம் ஆண்டில் முட்டையிட்டது என்ற செய்தி வந்தபோது, அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டிவைத்தார். இதுவரை நான்கு பாம்புகள் திரும்பி வந்திருக்கின்றன. ஒன்று மெலிந்து, தோல் உரியாமல் வந்தது. மற்ற மூன்றையும் கொண்டுவந்தவர்கள் கண் கலங்கித் தந்துவிட்டுப் போனார்கள்.

2006ஆம் ஆண்டில் வாங்கிய அந்த ஆண்பாம்பு இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது. குறி பார்த்துப் பிடிக்க அதனால் முடியாதாகையால், நீண்ட இடுக்கியால் எலியைப் பிடித்து வாய்க்கு நேரே அசையாமல் வைத்திருக்க வேண்டும். சில நாள் கால் மணித்தியாலம் பிடிக்கும். அன்பருக்கு இப்போது மூட்டு நோவு. ஆகையால் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால், தாயார் அன்று போட்டு இருந்த அதே கதிரையைப் போட்டு இருந்துகொண்டுதான் அதற்குச் சாப்பாடு கொடுக்கிறார்.